நாயை எங்கே நீந்த விடுவது? நீச்சல் குளம், கடல், தோட்டத்துத் தொட்டி, மொட்டைமாடி: ஓர் ஒப்பீடு

மாசி முடிந்து வெயில் ஏறத் தொடங்கியதும் நாய் வளர்ப்பவர்களிடமிருந்து ஒரே கேள்வி பல வடிவங்களில் வருகிறது. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கம் நாய்களுக்கென்றே நீச்சல் குளம் இருக்கிறதாமே, அங்கே அழைத்துச் செல்லலாமா? பெசன்ட் நகரில் குடியிருந்துகொண்டு காசு கொடுத்துக் குளத்துக்குப் போக வேண்டுமா, கடல் போதாதா? செங்கல்பட்டுக்கு அப்பால் உறவினர் தோட்டத்தில் பம்புசெட் தொட்டி சும்மாதானே கிடக்கிறது? மொட்டைமாடியில் ஒரு பிளாஸ்டிக் தொட்டியை வைத்துத் தண்ணீர் நிரப்பினால் முடிந்துவிடாதா? நான்கும் நியாயமான கேள்விகளே. எல்லா நாய்க்கும் பொருந்தும் ஒரே விடை கிடையாது என்பதால், எவற்றைப் பார்த்து முடிவு செய்வது என்பதை முதலில் சொல்லிவிட்டு, ஒவ்வொன்றையும் அந்த அளவுகோல்களில் வைத்துப் பார்க்கலாம்.

## எவற்றைப் பார்த்து முடிவு செய்வது

முதலில் பார்க்க வேண்டியது நாயைத்தான். தண்ணீரில் போட்டால் எல்லா நாயும் கால்களை அடிக்கும்; எல்லா நாயும் மிதக்காது. லேப்ரடார், கோல்டன் ரிட்ரீவர் போன்றவை தண்ணீரில் வேலை செய்வதற்கென்றே வளர்க்கப்பட்ட இனங்கள். நீரை எளிதில் உள்ளே விடாத இரட்டை ரோமமும் விரல்களுக்கிடையே சவ்வும் அவற்றுக்கு உண்டு. நம் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் ஓடுவதற்கான உடல் கொண்டவை. கொழுப்பு குறைவு, நெஞ்சுக்கூடு ஆழம், இடுப்பு ஒடுக்கம் என்பதால் பின்பகுதி சீக்கிரம் தாழும், குளிரும் விரைவில் ஏறும். பக், புல்டாக், ஷிட்சூ போன்ற சப்பை மூக்கு நாய்கள் மூக்கைத் தண்ணீருக்கு மேலே வைத்திருக்கத் தலையை அண்ணாந்து தூக்க வேண்டியிருக்கிறது. தலை உயர்ந்தால் இடுப்பு இறங்கும். ஏற்கெனவே குறுகலான மூச்சுப் பாதைக்கு இது கூடுதல் சுமை. குட்டைக் கால் கொண்ட டாஷ்ஹண்டும் இந்த வரிசையில்தான் வரும்.

இனம் எதுவானாலும், காதில் சீழோ துர்நாற்றமோ இருக்கும் நாய், தையல் பிரிக்காத நாய், பருவத்தில் இருக்கும் பெண் நாய், வலிப்பு வரும் நாய், இதயக் கோளாறு உள்ள நாய், தடுப்பூசித் தவணைகள் முடியாத குட்டி ஆகியவற்றைப் பொது நீரில் இறக்கக் கூடாது. உண்ணிக்காக முதுகில் சொட்டு மருந்து விட்டிருந்தால், பொதுவாக அதற்கு முன்னும் பின்னும் இரண்டிரண்டு நாள் நாயை நனைக்காமல் இருக்க வேண்டும். வாய்வழி மாத்திரைக்கு இந்தக் கட்டுப்பாடு இல்லை.

அடுத்தது வெளியேறும் வழி. என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்கே அதிக மதிப்பெண் கொடுப்பேன். தண்ணீரில் பயந்துபோன நாய் பெரும்பாலும் தான் இறங்கிய இடத்துக்கே திரும்பி வரும். அங்கே செங்குத்தான சுவர் இருந்தால் அதன் விளிம்பை முன்கால்களால் பிறாண்டிக்கொண்டே இருக்கும். பத்தடி தள்ளிப் படி இருப்பது அதற்குத் தெரியாது. நன்றாக நீந்தும் நாய்கள்கூட மூழ்கிப்போவது பெரும்பாலும் இப்படித்தான், ஏறி வர வழி தெரியாமல் களைத்துப்போய்.

மூன்றாவது, தண்ணீரின் தன்மை: அதில் என்ன கலந்திருக்கிறது, எவ்வளவு வெப்பம், அடிப்பகுதி தெரிகிறதா. நான்காவது, கூட இருக்கும் நாய்களும் மனிதர்களும். ஐந்தாவது செலவு, இதில் நுழைவுக் கட்டணம் ஒரு பகுதிதான். போக்குவரத்து, தடுப்பூசி, மிதப்பதற்கான லைஃப் ஜாக்கெட், திரும்பி வந்த பிறகு காதுக்கும் தோலுக்கும் மருத்துவரிடம் கொடுப்பது ஆகியவையே பல நேரங்களில் கட்டணத்தைத் தாண்டிவிடும்.

## நாய்களுக்கான நீச்சல் குளம்

இங்கே ஒரு வேறுபாட்டைத் தெளிவாகப் பார்க்க வேண்டும். நாய்களுக்கென்று கட்டிய குளம் வேறு. நாய்களை அனுமதிக்கும் விடுதியில் உள்ள மனிதர்களுக்கான குளம் வேறு. இரண்டாவது வகையில் பெரும்பாலும் நான்கு பக்கமும் செங்குத்துச் சுவரும் இரண்டு எஃகு ஏணிகளும்தான் இருக்கும். ஏணியில் நாய் ஏறாது. அப்படிப்பட்ட இடத்தில் உரிமையாளர் தண்ணீருக்குள் நின்று, நாயைக் கையால் தூக்கிக் கரையேற்றும் அளவுக்கு நாய் சிறியதாக இருந்தாலொழிய இறக்காமல் இருப்பது நல்லது. முப்பது கிலோ லேப்ரடார் ஈரத்தோடு எவ்வளவு கனக்கும் என்பது ஒருமுறை தூக்கிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நாய்களுக்கென்று கட்டிய குளத்தில் சாய்தளமோ அகலமான, ஆழமில்லாத படிகளோ இருக்கும். சாய்தளத்தின் மேல் ரப்பர் விரிப்பு போட்டிருக்கிறார்களா, அது தண்ணீருக்குள் எவ்வளவு தூரம் இறங்குகிறது என்று பார்க்க வேண்டும். நீந்தி வரும் நாயின் கால் தரையைத் தொடும் ஆழம் வரை சாய்தளம் போகாவிட்டால் அது இருந்தும் பயனில்லை. குளத்தைச் சுற்றியுள்ள தரையில் வழுவழுப்பான ஓடு பதித்திருந்தால், ஈரத்தில் ஓடும் நாய்க்கு முழங்கால் தசைநார் அறுந்துபோகும் வாய்ப்பு உண்டு. அதற்கான அறுவை சிகிச்சைச் செலவு எந்தக் குளத்தின் ஆண்டுச் சந்தாவையும்விட அதிகம்.

தண்ணீரைப் பொறுத்தவரை, மனிதர்களின் குளத்துக்குரிய அளவுகளே இங்கும் பொருந்தும்: கட்டற்ற குளோரின் 1 முதல் 3 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கு தண்ணீரில் இத்தனை பங்கு), அமில காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 7.2 முதல் 7.8. ஆனால் ரோமமும் எச்சிலும் சிறுநீரும் குளோரினை வேகமாகத் தின்றுவிடுவதால், காலையில் ஒருமுறை சோதித்தால் மாலை வரை போதும் என்ற கணக்கு நாய்க் குளத்தில் செல்லாது. குப்பென்று மூக்கில் ஏறும் குளோரின் வாடையைச் சிலர் சுத்தத்தின் அடையாளமாக எடுத்துக்கொள்கிறார்கள். அந்த வாடை, அழுக்கோடு வினைபுரிந்து உருவான குளோரமைன்களின் வாடை. கண் சிவப்பதும் அதனால்தான். எந்தக் கருவியும் இல்லாமல் செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு: ஆழமான முனையில் நின்று பார்த்தால் குளத்தின் தரை தெளிவாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் திரும்பிவிடுங்கள். கலங்கிய தண்ணீரில் கிருமி இருக்கிறதோ இல்லையோ, மூழ்கிய நாய் கண்ணில் படாது.

குளோரின் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடும் என்று நம்பிவிட வேண்டாம். நாய்க்குக் கடும் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும் பார்வோ வைரஸைக் கொல்லப் பலமான பிளீச்சிங் கரைசல் தேவை. குளத்தில் இருக்கும் அளவு அதற்குப் போதாது. எனவே குளத்தின் உண்மையான பாதுகாப்பு நுழைவாயிலில்தான் இருக்கிறது. தடுப்பூசி அட்டையைக் கேட்காத குளத்துக்குப் போக வேண்டாம். உங்களிடம் கேட்காதவர்கள் மற்றவர்களிடமும் கேட்டிருக்க மாட்டார்கள். வெறிநாய்க்கடி, டிஸ்டெம்பர், பார்வோ ஆகியவற்றோடு எலிக்காய்ச்சலுக்கும் கெனல் காஃப் எனப்படும் தொற்று இருமலுக்கும் ஊசி போட்டிருக்கிறதா என்று அவர்கள் பார்த்தால், அது நல்ல நிர்வாகத்தின் அறிகுறி. எலிக்காய்ச்சல் ஊசிக்கு முதல்முறை சில வார இடைவெளியில் இரண்டு தவணையும் பிறகு ஆண்டுக்கொரு முறையும் தேவை என்பதால், சனிக்கிழமை ஊசி போட்டு ஞாயிற்றுக்கிழமை குளத்துக்குப் போகும் திட்டம் உதவாது.

தொலைபேசியில் முன்பதிவு செய்யும்போது கேட்க வேண்டியவை அதிகமில்லை. ஒரே நேரத்தில் எத்தனை நாய்களை விடுகிறீர்கள்? பெரிய நாய்களையும் சிறிய நாய்களையும் பிரிக்கிறீர்களா? தண்ணீருக்குள் உங்கள் ஆள் ஒருவர் இருப்பாரா, கரையில் மட்டும் நிற்பாரா? குளத்துக்குள் ஒரு நாய் மலம் கழித்துவிட்டால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்கு, எல்லா நாயையும் வெளியேற்றிக் குளத்தை மூடிக் குளோரினை ஏற்றுவோம் என்ற வகையில் உடனடியாகப் பதில் வந்தால் அவர்கள் வேலை தெரிந்தவர்கள். வலை போட்டு எடுத்துவிடுவோம் என்று சிரித்தால் வேறு இடம் பாருங்கள்.

முதல் நாள் நாயைச் சாய்தளத்தில் நிறுத்தி, தண்ணீர் அதன் முழங்காலுக்கு வந்ததும் ஒரு துண்டு கோழிக்கறி கொடுத்துத் திரும்ப ஏற்றுங்கள். இறங்குவதும் ஏறுவதும் பழகிய பிறகுதான் கால் தரையை விடும் ஆழத்துக்குப் போகலாம். தண்ணீருக்குள் சென்ற நாயை உற்றுப் பார்த்தால் அதன் நிலை உடனே தெரியும். பயந்த நாய் முன்கால்களைத் தண்ணீருக்கு மேலே தூக்கித் தூக்கி அறையும். முகத்தின் முன்னால் நீர் தெறிக்கும், அதனால் கண்ணை மூடிக்கொண்டு இன்னும் வேகமாக அறையும், பின்கால்கள் அசையாமல் தொங்கும். அப்போது வயிற்றுக்கடியில் கை கொடுத்து இடுப்பை மட்டும் மேலே உயர்த்தினால் முதுகு நேராகும். முன்கால்கள் தாமாக நீருக்குள் போய்விடும். தெறிப்பது நின்று நீர்ப்பரப்பு அமைதியாகும். பழகிய நாயின் முன்பாதங்கள் மேலே தெரியவே தெரியா. கொஞ்ச நேரம் நீந்திய பிறகு மீண்டும் தெறிக்கத் தொடங்கினால், வால் தாழ்ந்தால், நாய் களைத்துவிட்டது என்று பொருள்.

லைஃப் ஜாக்கெட் முதல்முறை வருபவற்றுக்கும் சப்பை மூக்கு நாய்களுக்கும் கட்டாயம். மார்புச் சுற்றளவுக்குப் பொருந்துவதாகவும், பட்டைக்கும் உடம்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைவதாகவும், முதுகில் தூக்குப்பிடி உள்ளதாகவும் இருக்க வேண்டும். குளத்தில் தரும் ஜாக்கெட்டுகள் பலமுறை நனைந்து காய்ந்தவை. கொக்கியை இழுத்துப் பார்க்காமல் மாட்டக் கூடாது. சங்கிலியையும் கழுத்துப்பட்டையையும் கழற்றிவிட வேண்டும். இன்னொரு நாயின் கால் அதில் மாட்டிக்கொள்ளும்.

பத்து நிமிடத்துக்கு மேல் முதல் நாள் வேண்டாம். பந்து வீசி எடுத்து வரச் சொல்லும் விளையாட்டில்தான் கவனம் அதிகம் தேவைப்படுகிறது. வாயைத் திறந்தபடி பந்தைக் கவ்வும் நாய் ஒவ்வொரு முறையும் தண்ணீரை விழுங்குகிறது. அளவுக்கு மீறினால் இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தள்ளாட்டம், வாந்தி, வயிற்று உப்பல், எச்சில் ஒழுகுதல், வெறித்த பார்வை என்று தொடங்கி வலிப்பு வரை போகும். அரிதுதான், ஆனால் வந்தால் மணிக்கணக்கில் அவகாசம் இருக்காது. பந்துக்குப் பதிலாகத் தட்டையான பொம்மை, சில நிமிடத்துக்கு ஒருமுறை கரையில் ஓய்வு என்ற இரண்டும் இதைத் தவிர்க்கும். தண்ணீருக்குள் இருப்பதால் வெப்பத்தாக்கு வராது என்பதும் சரியல்ல. நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். சென்னையின் மே மாத மதியத்தில் திறந்தவெளிக் குளத்தின் தண்ணீரே வெதுவெதுப்பாக இருக்கும்போது, அதில் விடாமல் நீந்தும் நாய்க்கு உடல் சூடு இறங்க வழியில்லை. காலை எட்டு மணிக்குள் கிடைக்கும் நேரமே நல்ல நேரம்.

மறைமுகச் செலவு என்று பார்த்தால், முதலாவது தூரம். அண்ணா நகரிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலைக்கு ஞாயிற்றுக்கிழமை போய் வர அரை நாள் ஆகிவிடும். நாய் தண்ணீரில் இருப்பது அரை மணி நேரம்கூட இருக்காது. நாயோடு வரும் ஒவ்வொருவருக்கும் தனிக் கட்டணமா, ரோமம் உலர்த்துவதற்கும் ஜாக்கெட்டுக்கும் தனியாக உண்டா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பத்து முறைக்கான மொத்தச் சலுகையை முதல் நாளே வாங்க வேண்டாம். நாய்க்குப் பிடிக்குமா என்பதே இன்னும் தெரியாது.

## கடல்

கட்டணமில்லை, பக்கத்தில் இருக்கிறது, நாய்க்கும் கொண்டாட்டம். ஆனாலும் சென்னைக் கடலை நீந்தும் இடமாக நான் பரிந்துரைக்க மாட்டேன். மெரினாவிலும் பெசன்ட் நகரிலும் அலை உடையும் இடத்திலேயே தரை சட்டென்று இறங்குகிறது. உள்ளிழுக்கும் நீரோட்டம் உண்டு. மனிதர்கள் குளிப்பதற்கே எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். நாய் இழுபட்டால் அதன் பின்னால் உரிமையாளர் இறங்குவார் என்பதுதான் கூடுதல் ஆபத்து. வெளியேறும் வழி என்ற அளவுகோலில் கடல் முற்றிலும் தோற்றுவிடுகிறது: கரை கண்முன்னே இருக்கும், நாயால் அங்கே வர முடியாது.

உப்புநீர் இன்னொரு சிக்கல். இரண்டு வாய் குடித்தால் வயிற்றுப்போக்கோடு போகும். தாகத்தில் தொடர்ந்து குடித்தால் இரத்தத்தில் உப்பு ஏறி நிலைமை கடுமையாகிவிடும். குடிக்க நல்ல தண்ணீரை எடுத்துச் சென்று அடிக்கடி கொடுத்தால் இதைப் பெரும்பாலும் தவிர்க்கலாம். கரையில் கிடப்பவையும் கவனத்துக்குரியவை. வலையிலிருந்து உதறிப் போடப்பட்ட பேத்தை மீன் காய்ந்த பிறகும் நஞ்சுதான். அதைக் கவ்விய நாயிடமிருந்து பிடுங்குவதற்குள் விழுங்கிவிடும். தூண்டில் முள், வலைத்துண்டு, ஒதுங்கிய ஜெல்லி மீன், கடற்கரையைத் தங்கள் எல்லையாகக் கருதும் தெருநாய்க் கூட்டம் ஆகியவையும் உண்டு. அடையாறு, கூவம் கடலில் சேரும் முகத்துவாரங்களின் அருகே சாக்கடை நீர் கலக்கிறது. அங்கே கால் நனைக்கவும் வேண்டாம்.

சனவரி முதல் மார்ச் வரை, சில ஆண்டுகளில் ஏப்ரல் வரையும், பங்குனி ஆமைகள் இந்தக் கரையில் முட்டையிடுகின்றன. நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை இரவெல்லாம் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கும் மாணவர் குழு பல்லாண்டுகளாக இயங்கிவருகிறது. மணலைத் தோண்டும் நாய்க்கு ஆமை முட்டை என்றும் பந்து என்றும் பேதம் தெரியாது. அந்த மாதங்களின் இரவில் நாயைக் கயிறின்றி விடுவது தவறு.

2024 மே மாதம் நுங்கம்பாக்கம் பூங்காவில் இரண்டு ராட்வீலர்கள் ஒரு சிறுமியைக் கடித்த பிறகு, பொது இடங்களில் நாய்க்குக் கயிறும் வாய்மூடியும் போட வேண்டும் என்பதை மாநகராட்சி கடுமையாக வலியுறுத்துகிறது, உரிமமும் வேண்டும். விதிப்படி நடந்துகொள்பவர் நாயை வாய்மூடியோடு அழைத்து வருவார். வாய்மூடி போட்ட நாயைத் தண்ணீரில் இறக்கக் கூடாது: தண்ணீர் வாய்க்குள் போனால் துப்பவும் முடியாது, வாயைத் திறந்து மூச்சு வாங்கவும் முடியாது. எனவே சட்டப்படி நடந்தாலே கடல் நீச்சல் ஒத்துவராது. விடியற்காலையில் நீண்ட கயிற்றோடு ஈர மணலில் நடப்பதற்கு மட்டும் கடற்கரை மிக நல்ல இடம்.

## தோட்டத்துத் தொட்டி, கிணறு, ஏரி

இவை மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பேசுவதே தவறு. பம்புசெட் தொட்டி மிக நல்ல தேர்வாக அமையலாம். கிணறு எந்நாளும் கூடாது. ஏரி பருவத்தைப் பொறுத்தது.

தொட்டியின் சிறப்பு, தண்ணீர் தேங்குவதில்லை என்பது. ஆழ்துளைக் கிணற்றிலிருந்து வந்து விழுந்து வாய்க்காலில் ஓடிவிடும் தண்ணீரில் குளோரினும் இல்லை, பிற நாயின் அழுக்கும் இல்லை. ஆனால் தொட்டியின் சுவர் செங்குத்து. உள்ளேயும் வெளியேயும் ஹாலோ பிளாக் கற்களை ஆடாமல் அடுக்கி, மேலே சாக்கு போட்டுப் படி அமைத்துவிட்டால் அந்தக் குறை தீர்ந்துவிடும். மோட்டாரிலோ பழைய வயரிலோ மின்கசிவு இருந்தால் ஈரமான நாயும் அதைப் பிடிக்கப் போகும் ஆளும் சேர்ந்தே பாதிக்கப்படுவார்கள். தண்ணீர் நிரம்பியதும் மோட்டாரை நிறுத்திவிட்டு நாயை இறக்குவதே முறை. சொட்டுநீர்ப் பாசனத்துக்கு உரம் கரைக்கும் தொட்டி எது என்று தோட்டக்காரரிடம் கேட்காமல் எந்தத் தொட்டியிலும் நாயை விடக் கூடாது.

பாசனக் கிணறும் கைவிடப்பட்ட கல்குவாரிக் குட்டையும் ஒரே வகை: ஆழம் தெரியாது, ஓரம் செங்குத்து. படிக்கட்டு உள்ள கிணற்றில்கூட நீர்மட்டம் படிக்குக் கீழே போயிருந்தால் நாய் ஏறி வர முடியாது.

ஏரி, குளங்களில் இரண்டு ஆபத்துகள். ஒன்று எலிக்காய்ச்சல்: எலியின் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில், குறிப்பாக மழைக்குப் பிறகு, அந்தக் கிருமி இருக்கும், நாய்க்கு வந்தால் சிறுநீரகத்தையும் கல்லீரலையும் தாக்கும், நாயிடமிருந்து வீட்டாருக்கும் பரவும். மற்றொன்று கோடையில் நீர் வற்றும்போது பச்சை வண்ணத்தைக் கரைத்து ஊற்றியதுபோல் படரும் நீலப்பச்சைப் பாசி. அதன் சில வகைகள் சுரக்கும் நஞ்சு சில மணி நேரத்தில் நாயைக் கொல்லக்கூடியது. நீந்தி வந்து ரோமத்தை நக்கினாலே போதும். அப்படிப்பட்ட பச்சை படர்ந்த நீரைப் பார்த்தால் நாயைக் காரிலிருந்தே இறக்க வேண்டாம்.

தோட்டம் இலவசம் என்ற கணக்கில் விடுபடுவது உண்ணி. புல்லில் புரண்டு வந்த நாயின் காதுமடலின் உட்புறம், விரலிடுக்கு, வால் அடி ஆகிய மூன்று இடங்களையும் அன்றிரவே பார்க்க வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு வாரக்கணக்கில் மருந்து கொடுத்தவர்கள் தோட்டத்தை இலவசம் என்று சொல்வதில்லை.

## மொட்டைமாடியில் ஒரு தொட்டி

இதில் நாய் நீந்தாது. உட்காரும், கலக்கும், குடிக்கும், வெளியே வந்து உங்கள் மேல் உதறும். வெயிலுக்குத் தணிவு வேண்டும் என்பதே நோக்கமென்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை. நான்கடி விட்டமுள்ள தொட்டியில் எட்டு அங்குல உயரத்துக்கு நிரப்பினால் ஏறக்குறைய 240 லிட்டர் பிடிக்கும். லாரித் தண்ணீர் வாங்கும் வீட்டுக்கு இது யோசிக்க வேண்டிய அளவு. ஆனால் குளோரின் போடாத அந்தத் தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றிவிடலாம். ஊற்றத்தான் வேண்டும், ஏனெனில் தேங்கிய நல்ல தண்ணீரில்தான் டெங்குக் கொசு முட்டையிடும்.

காற்றடிக்கும் குழந்தைகள் தொட்டியை வாங்க வேண்டாம். நகம் பட்டு ஓட்டையாகும், கிழிந்த துண்டை நாய் விழுங்கும். நாய்களுக்கென்று விற்கும் மடிக்கும் வகை தாங்கும். வெயிலில் வைத்த தொட்டியின் தண்ணீர் நண்பகலில் கொதிநீர்போல் ஆகிவிடும், மாடித் தரை பாதத்தைச் சுடும் என்பதால், தண்ணீர்த் தொட்டியின் நிழலிலோ கூரை உள்ள இடத்திலோ வைக்கலாம்.

## மருத்துவர் மேற்பார்வையில் நீர்ப்பயிற்சி

இடுப்பு மூட்டுக் கோளாறு, மூட்டுத் தேய்மானம், அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய பலவீனம் ஆகியவற்றுக்காக நீச்சலைத் தேடுபவர்கள் பொழுதுபோக்குக் குளத்துக்குப் போவதில் எனக்கு உடன்பாடில்லை. கண்ணாடித் தொட்டிக்குள் ஓடும் பட்டையில் நாயை நடக்கவைக்கும் நீர் டிரெட்மில் வசதி சில கால்நடை மருத்துவமனைகளில் இருக்கிறது. அங்கே நீர்மட்டத்தைத் தேவைக்கேற்ப மாற்றலாம். முழங்கால் மட்டத்துக்குத் தண்ணீர் இருந்தால் நாயின் எடையில் சுமார் 85 விழுக்காடு கால்களில் இறங்குகிறது. இடுப்பு மூட்டு வரை ஏற்றினால் அது 38 விழுக்காடாகக் குறைந்துவிடும். மூட்டுக்கு வலியில்லாமல் தசைக்கு வேலை கொடுப்பது இப்படித்தான். தண்ணீர் சுமார் 28 முதல் 32 டிகிரி வெப்பத்தில் வைக்கப்படும். ஒவ்வொரு முறைக்கும் ஆகும் கட்டணம் அதிகம், பல வாரங்கள் தொடர வேண்டும், மருத்துவர் சீட்டும் வேண்டும். அப்படியிருந்தும் நொண்டும் நாயைப் பந்து துரத்தவிட்டு வலியை அதிகமாக்குவதைவிட இது மலிவு.

## ஒரே பார்வையில்

| | நாய்க் குளம் | கடல் | பம்புசெட் தொட்டி | மாடித் தொட்டி | நீர்ப்பயிற்சி |
|---|---|---|---|---|---|
| வெளியேறும் வழி | சாய்தளம் இருந்தால் நன்று | நம்ப முடியாது | படி அமைத்தால் நன்று | சிக்கல் இல்லை | சிக்கல் இல்லை |
| தண்ணீர் | பராமரிப்பைப் பொறுத்தது | உப்பு, அலை | ஓடும் நீரானால் மிக நன்று | தினமும் மாற்ற வேண்டும் | வெப்பம், ஆழம் கட்டுப்பாட்டில் |
| பிற நாய்கள் | உண்டு | தெருநாய்கள் | பெரும்பாலும் இல்லை | இல்லை | இல்லை |
| மறைமுகச் செலவு | தூரம், ஊசி, காது மருந்து | வயிற்றுப்போக்கு, காயம் | உண்ணி, மின்கசிவு | தண்ணீர், கொசு | தொடர்ந்து செல்ல வேண்டும் |
| யாருக்கு | நீந்த விரும்பும், நலமான நாய் | நடைக்கு மட்டும் | தோட்டம் கைவசம் உள்ளவர் | எல்லா நாய்க்கும் | மூட்டு நோயுள்ள நாய் |

## எங்கே இறக்கினாலும்

வயிறு நிறையச் சாப்பிட்டு இரண்டு மணி நேரமாவது ஆகாமல் நாயைத் தண்ணீரில் விடக் கூடாது. கரையேறியதும் நல்ல தண்ணீரால் கழுவி, உள்ரோமம் வரை துவட்ட வேண்டும். கோல்டன் போன்ற அடர்ந்த ரோம நாய்களுக்கு ஈரம் தங்கிய இடத்தில் ஒரே இரவில் சிவந்த புண் வந்துவிடும். தொங்கும் காதுகளை மேலே புரட்டி, கால்நடை மருத்துவர் சொன்ன காது கழுவும் மருந்தை விட்டு, வெளிப்பக்கத்தை மட்டும் பஞ்சால் ஒற்றி எடுக்கவும். குச்சியை உள்ளே விடக் கூடாது. மறுநாள் வால் தொங்கி, தொட்டால் வலித்தால், அது நீச்சலுக்குப் பின் வால் தசையில் வரும் பிடிப்பாக இருக்கலாம். பெரும்பாலும் சில நாள்களில் சரியாகிவிடும் என்றாலும் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது. இருமலோ மூச்சிரைப்போ இருந்தால் காத்திருக்க வேண்டாம். நுரையீரலில் தண்ணீர் போயிருக்கலாம்.

மூழ்கிய நாயைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதில் நேரத்தை வீணாக்கக் கூடாது. வாயில் இருப்பதை அகற்றிவிட்டு, மூச்சில்லாமல் அசைவற்றுக் கிடந்தால் பக்கவாட்டில் படுக்கவைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை என்ற வேகத்தில் மார்பை அழுத்த வேண்டும். 30 அழுத்தத்துக்கு இரண்டு முறை, வாயை மூடிப் பிடித்து மூக்கு வழியே ஊத வேண்டும். இதைச் செய்துகொண்டே மருத்துவமனைக்குப் புறப்பட வேண்டும் என்பதால், நீந்தும் இடத்துக்கு அருகில் ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் கால்நடை மருத்துவமனை எது என்பதைக் கிளம்பும் முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

## எந்த நாய்க்கு எது

இளம் லேப்ரடாரோ கோல்டனோ வைத்திருந்து, வாரத்துக்கு ஒரு காலையை அதற்கென்று ஒதுக்க முடிந்தால் நாய்க் குளத்துக்குக் கொடுக்கும் பணம் வீணாகாது. எடை கூடிய லேப்ரடாருக்கு நடையைவிட நீச்சல் மூட்டுக்கு இதமானது. சிப்பிப்பாறை, ராஜபாளையத்துக்குச் சித்திரை, வைகாசியில் சிறிது நேரம் குளம் சரி. மார்கழிக் காலையில் வேண்டாம். அவற்றுக்குத் தண்ணீரைவிட ஓடத் திடல்தான் தேவை. பக்கும் புல்டாக்கும் மாடித் தொட்டியோடு நின்றுகொள்வதே நல்லது. குளத்துக்கு அழைத்துச் செல்ல ஆசையிருந்தால் ஜாக்கெட்டோடு, தரை எட்டும் ஆழத்தில், கை எட்டும் தூரத்தில். ஊரில் தோட்டம் இருப்பவர்கள் குளத்துக்குக் கொடுக்கும் பணத்தில் தொட்டிக்குப் படி கட்டிவிடலாம்.

நாய்க்குத் தண்ணீர் பிடிக்காமலும் இருக்கலாம். இரண்டு மூன்று முறை அழைத்துச் சென்றும் சாய்தளத்தின் மேலேயே உட்கார்ந்து நகர மறுக்கும் நாயை, பழகிவிடும் என்று சொல்லித் தூக்கி உள்ளே போடும் பயிற்சியாளர் இருக்கும் குளமாக இருந்தால், மிச்சப் பணத்தைத் திரும்பக் கேட்டுக்கொண்டு நிற்காமல் நாயைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.